பேரன் கேட்கும் முதலை மீன்

பெரம்பூர்,
சென்னை.

அன்புள்ள செல்வராஜ்,

கடிதம் கிடைத்தது. மதினிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடச் சொல். இங்கே சுகர் கட்டுக்குள் இருக்கிறது. முழங்கால்தான் மாடிப்படியைக் கண்டாலே மக்கர் பண்ணுகிறது. மகள் பெங்களூருக்கு மாற்றலாகிப் போய்விட்டதால் வீட்டில் சத்தமே இல்லை.

உன் பேரன் தொட்டியில் வளர்க்க முதலை மீன்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறானாமே! வளர்ப்பு மீன் விற்கிற கொளத்தூர் உனக்குப் பக்கம்தானே, ஒரு ஜோடி வாங்கி அனுப்பு என்று எனக்கு உத்தரவு வேறு. எலே, அதை மட்டும் செய்ய மாட்டேன். கோபப்படாமல் மேலே படி.

கொளத்தூர்க் கடைகளில் அது விரல் நீளத்தில்தான் கிடைக்கும். நீண்ட மூக்கும் புள்ளியும் பார்க்க அழகுதான். ஆனால் இந்த முதலை மீன், அதாவது அலிகேட்டர் கார் (gar), அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றுப் பக்கத்து மீன். 2011இல் அங்கே வலையில் சிக்கிய ஒன்று எட்டடி ஐந்து அங்குல நீளம், 148 கிலோ. நம் வீட்டில் அவ்வளவு வளராது. ஆனால் வீட்டுத் தொட்டிக்கு மூன்றடியே அதிகம். அதன் செதில் கவசம் மாதிரி கெட்டி, உடம்பு லேசில் வளையாது. தொட்டி எத்தனை அடி நீளம் என்று எல்லோரும் கேட்பார்கள், அகலத்தை யாரும் கேட்பதில்லை. இரண்டடி அகலத்தில் மூன்றடி மீன் எப்படித் திரும்பும்? மூக்கைக் கண்ணாடியில் இடித்து இடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும்.

சரி, பெரிய தொட்டியே வைக்கலாம் என்பாய். ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் என்றால் தண்ணீர் மட்டும் 680 லிட்டர் பிடிக்கும். அதாவது 680 கிலோ. கண்ணாடி, ஸ்டாண்டு, ஃபில்டர் எல்லாம் தனிக் கணக்கு. உன் மாடி அறையில் அதை ஏற்றுவதற்கு முன் ஒரு இன்ஜினீயரைக் கூப்பிட்டுக் காட்டு.

என் தொட்டியில் இருக்கும் ஆஸ்கார் மீனைத்தான் உனக்குத் தெரியுமே. இறால் துண்டைப் போட்டால் வாய் திறந்ததே தெரியாது, தண்ணீரோடு சேர்த்து உள்ளே இழுத்துவிடும். அடுத்த நொடி செவுள் வழியாகத் தூள் தூளாக வெளியே வந்து தொட்டி கலங்கும். வேட்டை அவ்வளவுதான், கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். அதற்கப்புறம் எல்லாமே தண்ணீர் வேலை. தின்றது கழிவாகி அம்மோனியா ஆகும். அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுவது ஃபில்டரில் குடியிருக்கும் பாக்டீரியா. அந்தப் பாக்டீரியா பெருக வாரக்கணக்கில் ஆகும். கறி தின்னும் மீன் பெரிதாகப் பெரிதாகக் கழிவும் கூடும். வாராவாரம் பாதித் தண்ணீரையாவது மாற்ற வேண்டும். பேரன் பத்து நாள் செய்வான், பிறகு அந்த வேலை உன் தலையில்தான் விடியும்.

உயிர் மீனைத் துரத்திப் பிடிப்பதைப் பார்க்கத்தான் பையன்களுக்கு ஆசை. தங்கமீனை வாங்கிப் போட்டே வளர்க்கிறார்கள். அந்த வகை மீன்களில் வைட்டமின் பி1-ஐச் சிதைக்கும் பொருள் இருக்கிறது. அதையே தொடர்ந்து தின்றால் வேட்டை மீனுக்கு நரம்புக் கோளாறு வரும். நோயும் கூடவே வரும். பெல்லட் என்கிற குருணைத் தீனிக்கும் இறாலுக்கும் பழக்குவதே நல்லது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நான் மறுப்பதற்கு உண்மையான காரணம் உன் ஊர். 2018 வெள்ளம் வடிந்த பிறகு கேரளத்து ஆறுகளில் வலை வீசியவர்களுக்கு அரபைமா என்ற வெளிநாட்டு ராட்சத மீனும் அலிகேட்டர் காரும் மாட்டின. வளர்த்த இடங்களிலிருந்து தப்பியவை. 2023இல் ஸ்ரீநகர் தால் ஏரியிலும் ஒரு அலிகேட்டர் கார் பிடிபட்டது. அதே வருஷம் டிசம்பர் வெள்ளத்தில் உன் ஸ்ரீவைகுண்டம் என்ன பாடுபட்டது என்று நீதான் எனக்குச் சொன்னாய். திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்டேஷனிலேயே பயணிகளோடு நின்றுபோனதே! அன்றைக்கு உன் திண்ணையில் ஒரு முதலை மீன் தொட்டி இருந்திருந்தால்? தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைந்தாலும் மேலே வந்து காற்றைக் குடித்துப் பிழைக்கிற மீன் அது. பல பத்தாண்டுகள் வாழும். தாமிரபரணிக்குள் போனால் யார் பிடிப்பது? வெள்ளம்கூட வேண்டாம், வளர்ந்த மீனைக் கொல்ல மனமில்லாமல் குளத்தில் கொண்டுபோய் விடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஆசிய அரோவானா மீன் வேண்டும் என்றும் பேரன் பேச்செடுப்பான். சர்வதேச வர்த்தகத்துக்குக் கடுமையான கட்டுப்பாடு உள்ள இனம் அது. பண்ணையில் வளர்த்த மீனுக்கு அடையாளச் சிப், சான்றிதழ் எல்லாம் உண்டு. விலையைக் கேட்டால் நீயே பேச்சை மாற்றிவிடுவாய்.

வேட்டை மீன்தான் வேண்டுமென்றால் நம்மூர்க் குரவை இருக்கிறதே! அதன் சொந்தமான விரால் ரொம்பப் பெரிதாகிவிடும், மூன்றடித் தொட்டிக்குக் குரவையே தோது. கரெண்ட் போனாலும் மேலே வந்து காற்று குடித்துக்கொள்ளும். குஞ்சு பொரித்தால் ஆணும் பெண்ணும் சேர்ந்து காவல் நிற்கும். அதைப் பார்க்க ஆரம்பித்தால் டிவி பக்கம் போக மாட்டான். துள்ளி வெளியே விழும் மீன் என்பதால் மேலே வலைமூடி போட்டுக் கல்லை வை. தண்ணீருக்கும் மூடிக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி இருக்கட்டும். வாய்க்கால் மீனை வாங்கினால் ஒரே அளவு ஜோடியாகவே வாங்கு, அளவு வித்தியாசம் இருந்தால் பெரியது சின்னதைக் கடித்துக் குதறிவிடும்.

தொட்டி வைக்கப்போகிற இடத்தை அளந்து பேரனையே எனக்கு எழுதச் சொல். ஃபில்டர் இங்கே மலிவு. பொங்கலுக்கு வரும்போது ஃபில்டரைக் கொண்டுவருகிறேன், கண்ணாடியை மட்டும் திருநெல்வேலியிலேயே வெட்டிக்கொள்ளலாம்.

அன்புடன்,
கணேசன்