செயலாளரின் ஆண்டறிக்கை (2024–25)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். புதுக்கோட்டை வட்டார வரலாற்று ஆர்வலர்களாகிய நம் சங்கத்தின் ஓராண்டுப் பணிகளைப் பேரவையின் முன் வைக்கிறேன்.

செயற்குழு ஆறு முறை கூட்டப்பட்டது. அவற்றுள் இரண்டு, போதிய எண்ணிக்கை சேராமையால் தேநீரோடு கலைந்தன. மே 18 உலக அருங்காட்சியக நாளையொட்டி மாணவர்களுக்கு ஓவியப் போட்டி நடத்தினோம். குடுமியான்மலை இசைக் கல்வெட்டைப் பார்க்க ஒரு நாள் சென்று வந்தோம்.

இனி, கண்காட்சி. திருக்கோகர்ணத்தில் உள்ள அரசு அருங்காட்சியகம் 1910இல், சமஸ்தானக் காலத்திலேயே தொடங்கப்பட்டது. சமஸ்தானம் 1948 மார்ச் 3 அன்று இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது வரையிலான காலத்தில், அரண்மனைக்கு வெளியே, கடைத்தெருவிலும் அடுக்களையிலும் வாழ்க்கை எப்படி நடந்தது என்பதை ஊரார் வீட்டுப் பொருள்களைக் கொண்டே காட்டலாம் என்று சென்ற பேரவையில் நான் சொன்னபோது, "யார் நம்பிப் பொருள் தருவார்கள்?" என்று கேட்டவர்கள் இருந்தார்கள், கூட்டப் பதிவேட்டில் அது இருக்கிறது. 41 வீடுகளிலிருந்து பொருள் வந்தது. அருங்காட்சியகத்தில் மூன்று வாரம் நடந்த கண்காட்சியில் படி, மரக்கால், பித்தளைக் கூஜா, பத்திரங்கள், கல்யாணப் படங்கள் எல்லாம் இருந்தாலும், கூட்டம் நின்றது, சமஸ்தானம் வெளியிட்ட நாணயமான அம்மன் காசு இருந்த பேழையின் முன்தான்.

விரல் நுனியில் அடங்கிவிடும் அந்தச் செப்புக் காசின் ஒரு புறம் திருக்கோகர்ணத்துக் கோயில் அம்மன் பிரகதாம்பாள் அமர்ந்திருக்கிறாள். மறுபுறம் தெலுங்கில் 'விஜய' என்ற எழுத்து. கையால் அடித்த பழைய காசுகளில் அம்மனின் முகம் தேய்ந்து மேடாக மட்டும் தெரிய, பின்னாளில் இயந்திரத்தில் அச்சானவற்றில் கோடுகள் தெளிவாக இருந்தன. இரண்டையும் அடுத்தடுத்து வைத்து மேலே ஒரு பூதக்கண்ணாடியைப் பொருத்தியது என் யோசனை என்பதை இங்கே குறிப்பிடுவது தவறாகாது என்று நினைக்கிறேன். இருபது காசு ஓர் அணா. ஆகவே 320 காசு ஒரு ரூபாய். விளக்கச் சீட்டில் 'இருபது காசு ஒரு ரூபாய்' என்று அச்சாகிவிட்டதை முதல் நாளே ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சுட்டிக்காட்டினார். அச்சுப்படி செயற்குழுவில் நால்வரிடம் சுற்றுக்குப் போய், நால்வரும் கையெழுத்திட்டே திரும்பியது. அவற்றுள் ஒன்று என்னுடையது.

ஒன்பது காசுகளை மஞ்சள் துணியில் முடிந்து கொண்டுவந்து தந்த மூதாட்டி ஒருவர், பேழையைப் பூட்டுவதைப் பார்த்துவிட்டு, "அம்மனைப் பூட்டி வைக்கிறீங்களே தம்பி, வெள்ளிக்கிழமை விளக்கு யார் வைப்பா?" என்று கேட்டார். வெள்ளிக்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை என்பதால் ஒரு வழி பிறந்தது. காப்பாட்சியரின் இசைவோடு, வியாழன் மாலை ஒன்பது காசுகளையும் எண்ணி அவர் வீட்டுப் பூஜை மாடத்தில் வைத்துவிட்டு, சனிக்கிழமை காலை மறுபடி எண்ணி வாங்கிவந்து, ஒவ்வொரு முறையும் ரசீது மாற்றி எழுதினோம். 'எழுதினோம்' என்பது மரியாதைப் பன்மை. போய் வந்தது நான் ஒருவனே.

காரணம், காவல் முறைப் பட்டியலில் பெயர் கொடுத்த 18 உறுப்பினர்களில் சொன்ன நாளில் வந்தவர்கள் ஏழு பேர். திருமணம், காது குத்து, முழங்கால் வலி எல்லாம் எனக்கும் புரிகிறது. ஆனால் இரவல் பொருளுக்குச் சங்கத்தின் ஆள் ஒருவர் எப்போதும் உடனிருக்க வேண்டும் என்பதே நமக்கிடப்பட்ட நிபந்தனை. தொலைந்ததைத் தேடித் தரும் அரைக்காசு அம்மனின் கோயில் அதே திருக்கோகர்ணத்தில் இருப்பதால், காணாமற்போன உறுப்பினர்களுக்காக வெல்லம் வைத்து வேண்டிக்கொண்டேன் என்பதைத் தவிர வேறு நடவடிக்கை எதுவும் எடுக்கவில்லை.

வரவு செலவு ஏறத்தாழ நேராக நிற்கிறது. விவரத்தைப் பொருளாளர் வாசிப்பார். தணிக்கையாளர் கேட்ட இரண்டு சிற்றுண்டிப் பற்றுச்சீட்டுகள் கிடைத்ததும் கணக்கு முழுமை பெறும். வண்டிச் செலவை நான் கணக்கில் சேர்க்கவில்லை. சந்தா நிலுவையைப் பொறுத்தவரை, பெயர்களை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை. ஆண்டுச் சந்தா 120 ரூபாய். சமஸ்தானக் கணக்கில் 38,400 அம்மன் காசு. மூட்டையாகக் கட்டி வந்தாலும் பொருளாளர் வாங்கிக்கொள்வார்.

காப்பாட்சியருக்கும், அருங்காட்சியக ஊழியர்களுக்கும், பொருள் தந்த குடும்பங்களுக்கும், அச்சகத்தாருக்கும் சங்கத்தின் நன்றி உரித்தாகுக.

வரும் ஆண்டு இந்த வட்டாரத்துக் கண்மாய்களைப் பற்றிக் கண்காட்சி வைக்கலாம் என்பது என் கருத்து. கவிநாட்டுக் கண்மாய் போன்ற ஏரிகளையும், அவற்றிலிருந்து நீரை அளந்து திறக்கும் குமிழித் தூம்புகளையும், மடையைக் காத்தவர்களின் குடும்ப நினைவுகளையும் இப்போதே திரட்டத் தொடங்கினால்தான் ஆகும். செயலாளர் பொறுப்பை வேறொருவர் ஏற்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆவணக் கோப்புகளும் சாவியும் தயாராக உள்ளன. யாரும் முன்வராவிட்டால், காவல் முறைப் பட்டியல் நிரம்பிய பிறகு நான் தொடர்வது பற்றி யோசிக்கலாம். அந்தத் தாளை வாசலருகே மேசையில், நூலில் கட்டிய பேனாவுடன் வைத்திருக்கிறேன். ரசீதுப் புத்தகமும் அதே மேசையில் இருக்கிறது. தேநீர் அதற்கு அடுத்த மேசையில்.

செயலாளர்