தம்பிக்கு, வண்டி விஷயமா

தம்பி, நல்லா இருக்கியா சாமி, நேரத்துக்கு சாப்பிடுறியா. நாங்க இங்க நல்லா இருக்கோம். போடில மூணு நாளா சாரலு, மேகம் எறங்கி போடிமெட்டு மலையே கண்ணுக்குத் தெரியல. கீழத்தெரு அத்தை நீ எப்ப வருவன்னு நேத்தும் கேட்டுச்சு, பொங்கலுக்குன்னு சொல்லி வச்சிருக்கேன். தீபாவளிக்கும் அப்படித்தான் சொன்னேன்.

புது வண்டில என்னென்ன மாட்டணும்னு நீ மாமாவுக்கு அனுப்புன லிஸ்ட்ட மாமா எனக்கு காட்டுனான். அவன் மேல கோவிச்சுக்காத, நான்தான் போனை வாங்கிப் பாத்தேன். மொதல்ல லைட் பார், அப்புறம் மாட்டுன வண்டிய இழுக்குற வின்ச், அப்புறம் வண்டிய மூணு இன்ச் ஒசத்துற லிஃப்ட்டு, 33 இன்ச் டயரு, தண்ணில போனாலும் இஞ்சினுக்கு மேல இருந்து காத்து இழுக்குற ஸ்நார்க்கல்னு வரிசையா போட்டு எதுக்கு எவ்வளவுன்னு பக்கத்துலயே எழுதி இருந்த. கையெழுத்து மட்டும் இல்ல, மத்தபடி கணக்கு எழுதுறதுல என்னை மாதிரியே இருக்கன்னு நெனச்சேன். ஆனா ரெண்டு தடவ படிச்சுட்டேன் தம்பி, மேல இருந்து கீழ வரைக்கும் பிரேக்குன்னு ஒரு எழுத்து இல்ல.

அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கம் வரல. அதான் இப்ப அப்பாவ பக்கத்துல உக்கார வச்சு கேட்டுக் கேட்டு அடிக்கிறேன். நான் சொன்னதா எழுதாத, மாமா சொன்னதா எழுதுன்னாரு. நான் அப்படி எழுதல, இது அப்பா சொல்றதுதான். முப்பது வருசம் அந்த மெட்டுல ஜீப்புல ஆள் ஏத்துன மனுசன் வீட்ல இருக்கும்போது நீ மாமாகிட்ட கேக்குற. அவன் கடைல லேத்து ஓட்டுறவன், அவனுக்கு என்ன தெரியும். சரி விடு.

அப்பா சொல்றாரு, உன் மஹிந்திரா தார் வண்டிக்கு கம்பெனில இருந்து வரும்போதே அடி உயரம் 226 மில்லிமீட்டர் இருக்காம், 650 மில்லிமீட்டர் தண்ணி வரைக்கும் தாங்குமாம், அப்புறம் ஸ்நார்க்கல் எதுக்கு, நீ எந்த ஆத்துல எறக்கப் போற. லிஃப்ட்டு போட்டா பாடிதான் தூக்கும், பின்னாடி ஆக்சில்ல குண்டு மாதிரி தொங்குதே அது இருந்த எடத்துலயேதான் இருக்கும், கல்லு அடிக்கிறது அதத்தான். அது மேல வரணும்னா டயரு பெருசாகணும். உன் டயரு இப்பவே 31 இன்ச்சு கிட்ட, 33 போட்டாலும் ஆக்சிலு ஒரே ஒரு இன்ச்சுதான் ஒசரும். அந்த ஒரு இன்ச்சுக்கு நீ குடுக்கிற வெலை என்னன்னா, வெயிட்டு கூடும், இழுவை கொறையும், மீட்டர்ல 60 காட்டும்போது நெசத்துல 64 கிட்ட போயிட்டு இருப்ப, பிரேக்கு மட்டும் பழைய பிரேக்காவே இருக்கும். பெரிய சக்கரத்த நிப்பாட்ட பிரேக்குக்கு இன்னும் பலம் வேணும், இத நாலு தடவ சொல்லிட்டாரு, நானும் நாலு தடவ எழுதணுமாம்.

மொதல்ல பிரேக்க பாரு. நீ செகண்ட் ஹேண்டுல எடுத்த வண்டி, முன்னாடி ஓட்டுனவன் என்ன செஞ்சான்னு நமக்கு தெரியாது. முன்னாடி டிஸ்க்குல பேடு எவ்வளவு இருக்கு, பின்னாடி டிரம்ம கழட்டி ஷூ எப்படி இருக்கு, வீல் சிலிண்டர்ல ஈரம் இருக்கான்னு நீயே கண்ணால பாரு, கடைக்காரன் ஓகேன்னு சொன்னான்னு வந்துராத. பிரேக் ஆயிலை ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா முழுசா மாத்தணும். அது காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கும். புது டாட் 4 ஆயிலு 230 டிகிரி வரைக்கும் கொதிக்காது, ஈரம் ஏறிருச்சுன்னா 155லயே கொதிச்சிரும்னு டப்பாலயே போட்டிருக்காம். மெட்டுல 17 வளைவையும் மிதிச்சுக்கிட்டே எறங்குனா டிரம்முல தோசை சுடலாம், உள்ள ஆயிலு கொதிச்சு ஆவியாச்சுன்னா பெடலு பஞ்சு மாதிரி உள்ள போயிரும். ஏறுன கியர்லயே எறங்குன்னு ஊர்ல சொல்றது அதுக்குத்தான். ஆஃப்ரோடுல செங்குத்தா எறங்கும்போது 4எல், அதான் நாலு சக்கரமும் மெதுவா இழுக்குற லோ கியரு, அத போட்டு ஒண்ணாவது கியர்ல விட்டுட்டு காலை எடுத்துருன்றாரு.

அப்புறம் வண்டி சேத்துல மாட்டுனா வெளிய இழுக்குற சாமான். வின்ச்சுக்கு ஒரு சம்பளத்தையே போடுறதுக்கு முன்னாடி நல்ல இழுவை பெல்ட்டு, பெல்ட்ட கொக்கில மாட்டுற இரும்பு ஷேக்கிளு ரெண்டு, ஒரு மம்முட்டி, காத்தடிக்கிற சின்ன கம்ப்ரஸரு. மண்ணுலயும் சேத்துலயும் டயர்ல 32 இருக்கிற காத்த 20க்கு எறக்குனாலே பாதி எடத்துல வண்டி தானா ஏறிரும், அதுக்கு காசே இல்ல. ஆனா தார் ரோட்டுக்கு வந்ததும் மறுபடி அடிச்சுக்கணும். பெல்ட்ட கண்ட எடத்துல மாட்டாத, சேசிஸ்ல இருக்கிற கொக்கில மட்டும் மாட்டு, பந்து மாதிரி இருக்கிற டோ பால்ல மாட்டவே கூடாது, பிச்சுக்கிட்டு குண்டு மாதிரி வந்து அடிக்கும். தனியா போகாத. இது அப்பா சொல்லல, நான் சொல்றேன், தனியா போகாத. உன்கூட யாரு வர்றாங்க போறாங்கன்னு நான் கேக்கல, ஆனா யாராவது கூட இருக்கட்டும்.

டயரு மூணாவது. அதே சைஸ்ல ரோட்டுக்கும் மண்ணுக்கும் ஆகுற ஏ.டி. டயரு போடு போதும். அப்புறம் அடில தகடு. அதெல்லாம் போட்டு ஒரு வருசம் ஓட்டிப் பாத்து, எங்க முட்டுது எங்க மாட்டுதுன்னு வண்டியே சொல்லும், அப்ப லிஃப்ட்டு வேணுமா, ரெண்டு பக்கச் சக்கரத்தையும் ஒண்ணா சுத்த வைக்கிற டிஃப் லாக் வேணுமான்னு யோசி. சூரியநெல்லில இருந்து கொழுக்குமலைக்கு ஏறுதே ஜீப்பு, அதுல எதுல லைட் பாரு பாத்த. பழைய மேஜரும் கமாண்டரும்தான், பட்டை ஸ்பிரிங்கு, பட்டன் டயரு, ஓட்டுறவன் கையி காலு, அவ்வளவுதான். கேரளா பக்கம் எறங்குனா எக்ஸ்ட்ரா லைட்டும் வெளிய துருத்துற டயரும் பாத்தா நிப்பாட்டிருவாங்க. கம்பெனி குடுத்த மாதிரி இல்லாம வண்டிய மாத்தக் கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட்டே 2019ல சொல்லிருச்சாம், நாளைக்கு ஒண்ணுன்னா இன்சூரன்ஸ்காரன் கைய விரிச்சிருவான். லைட்டு கடைசி. லைட்டு கடைசின்னு அழுத்தி எழுதச் சொல்றாரு.

உன் வண்டிய ஸ்டேட்டஸ்ல பாத்தோம். சிவப்புல நல்லா இருக்கு. அப்பா ரொம்ப நேரம் பெருசு பண்ணிப் பண்ணி பாத்தாரு, முன்னாடி சக்கரத்தையே பாத்துட்டு இருந்தாரு. வாடகை ஜீப்பு ஓட்டுன வீட்ல சொந்தத்துக்குன்னு ஒரு வண்டி, அதுவும் உன் காசுல. தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். ஆனா அவருக்கு நீ ஒரு போட்டோ அனுப்பல. மாமாவுக்கு ஒம்பது அனுப்பி இருக்க.

இப்ப அப்பா டீ குடிக்க எறங்கிட்டாரு. வர அரை மணி நேரம் ஆகும். அதுக்குள்ள இத எழுதிரணும்.

தம்பி, அன்னைக்கு அப்பா குடிக்கல.

நீ எட்டாவது படிச்ச, பள்ளிக்கூடத்துல உன்னைய குடிகாரன் மகன்னு சொன்னாங்கன்னு சட்டை கிழிஞ்சு வந்த, அன்னைலேருந்து நீ அவர அப்பான்னு கூப்பிட்டு நான் கேக்கல. நான் அப்பவே சொல்லிருக்கணும். வண்டில பிரேக் இல்ல. ஒரு மாசமா இல்ல. பின் சக்கரத்துல உள்பக்கம் ஆயிலு கசிஞ்சு பெயிண்டே உரிஞ்சு கெடந்துச்சு, அப்பா வெரல வச்சு தொட்டு எங்கிட்ட காட்டுனாரு, பாருடின்னு. தெனம் காலைல நாலு மணிக்கு பானட்ட தொறந்து ஆயில் ஊத்திட்டுத்தான் ஆள் ஏத்துவாரு. ஒரு மிதிக்கு பிடிக்காது, ரெண்டு மிதி மிதிச்சாத்தான் பிடிக்கும். அந்தக் காலத்து ஜீப்புக்கு நாலு சக்கரத்துக்கும் ஒரே லைனு, ஒரு எடத்துல போச்சுன்னா மொத்தமும் போச்சு.

காசு எங்கிட்டதான் இருந்துச்சு. எதுக்கு முதல்ல எதுக்கு அப்புறம்னு நான்தான் நோட்டுல எழுதுவேன், உனக்கு தெரியும், அப்பா ஒரு ரூபா கேக்கணும்னாலும் எங்கிட்டதான் கேக்கணும். அப்ப ஸ்டாண்டுல புதுசா ரெண்டு வண்டி வந்து பாட்டு போட்டு ஆள் ஏத்துச்சு, பொம்பளப் புள்ளைக எல்லாம் பாட்டு வண்டிலதான் ஏறுதுகன்னு எனக்கு ஒரே பயம். அந்த வாரம் டேப் செட்டு வாங்குனேன். அடுத்த வாரம் தார்ப்பாய். பிரேக்க நான் தள்ளிக்கிட்டே போனேன். அந்த நோட்டு இன்னும் பீரோல இருக்கு. டேப் செட் 2400ன்னு இருக்கும், அதுக்கு கீழ பிரேக் கிட்டு, அடுத்த வாரம். அதுக்கு அடுத்த பக்கத்துலயும் பிரேக் கிட்டு, அடுத்த வாரம்னு என் கையெழுத்துல இருக்கும். கிட்டு என்ன பெரிய காசு, டேப் செட்ல கால்வாசி கூட இல்ல.

சாயங்காலம் ஆள எறக்கிட்டு வரும்போது ஆறாவது வளைவுல பெடலு தரைக்குப் போயிருச்சு. மூணு தடவ மிதிச்சாராம், ஒண்ணுமில்ல. பள்ளத்துப் பக்கம் போகாம மலைப் பக்கமா கொண்டு போய் சாத்துனாரு பாரு, அதுலதான் பதினாலு பேரும் பொழச்சது. கீழத்தெரு அத்தைக்கு மட்டும் காலு போச்சு. மொத நாள் காதுகுத்துல இவர பாத்தவன் எவனோ போதைல ஓட்டிட்டான்னு கெளப்பி விட்டான். இவரு ஆஸ்பத்திரில கேட்டவங்களுக்கெல்லாம் அசந்துட்டேன்னு ஒரு வார்த்தைதான் சொன்னாரு. பிரேக் இல்லாத வண்டின்னு தெரிஞ்சா ஏன் மாத்தலன்னு கேப்பாங்க, கேட்டா என் பேரு வரும். எங்கிட்டயும் இன்னைக்கு வரைக்கும் அத பத்தி ஒரு பேச்சு பேசல. நானும் பேசல. குடிகாரன்னு பேரு வந்தப்ப வாய மூடிக்கிட்டு இருந்துட்டேன், நீ அவரு மூஞ்சிய பாக்காம சாப்பிட்டுட்டு எந்திரிச்சு போனப்பகூட வாய மூடிக்கிட்டு இருந்துட்டேன். அத்தைகிட்டயும் இன்னும் சொல்லல, அதுக்கு தைரியம் வரல.

நோட்டுல அந்த ரெண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து இதோட அனுப்புறேன். நீ என்னைய என்ன நெனச்சாலும் சரி.

பிரேக் வேலைய இந்த சனிக்கெழமையே பாத்துரு. பேடு, ஷூ, ஆயிலு, சிலிண்டரு, எது வேணுமோ மாத்து, பில்ல எனக்கு அனுப்பு. ஏலக்காய் பொறுக்குன காசு தனியா வச்சிருக்கேன், அன்னைக்கே போட்டு விடுறேன். கழட்டுன ஷூவ போட்டோ எடுத்து அப்பா நம்பருக்கு அனுப்பு, தேஞ்சது எப்படின்னு அவரு பாத்தா சொல்லிருவாரு. எதுவும் எழுத வேண்டாம், போட்டோ மட்டும் அனுப்புனா போதும். அதே பழைய நம்பருதான்.

செருப்பு சத்தம் கேக்குது, வந்துட்டாரு. வைக்கிறேன் சாமி.

அம்மா