வாரத்துக்கு ஒரு நாளாவது பட்டறையைப் பூட்டச் சொல்லுங்கள்

ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ் போட்டியை நடத்தும் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் மிச்சிகனில், ரோபோ கட்டி உங்கள் போட்டியில் ஆடும் ஒரு பள்ளி அணிக்கு மென்டராக, அதாவது வழிகாட்டும் பெரியவராக, இருக்கிறேன். குறித்த நாளுக்குப் பிறகு யாரும் தொடக்கூடாது என்று ரோபோவைப் பையில் போட்டுச் சீல் வைத்த காலத்திலும் இருந்தேன், இப்போதும் இருக்கிறேன். பையைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லும் கடிதம் இல்லை இது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இன்றைய மாணவர்களில் பலருக்கு அந்தப் பையைத் தெரியாது. 2019-இல் ஜனவரி 5 அன்று ரோபோக்கள் ஆட வேண்டிய அந்த வருட விளையாட்டை அறிவித்தீர்கள், பிப்ரவரி 19 செவ்வாய் நள்ளிரவோடு ரோபோ கட்டும் வேலை முடிந்தது. ரோபோவைப் பெரிய பிளாஸ்டிக் பைக்குள் இறக்கி, வாயைச் சேர்த்துப் பிடித்து, எண் போட்ட சீலை இறுக்கி, அந்த எண்ணையும் நேரத்தையும் படிவத்தில் எழுதி ஒரு பெரியவர் கையெழுத்துப் போட வேண்டும். எங்களைப் போல டிஸ்ட்ரிக்ட் முறையில், அதாவது வட்டாரப் போட்டிகளில் புள்ளி சேர்த்து மேலே போகும் முறையில், ஆடும் அணிகள் போட்டிக்கு முந்தைய வாரத்தில் மொத்தம் ஆறு மணி நேரம் திறந்துகொள்ளலாம், மற்றபடி அரங்கில்தான் திறப்பு.

ஆனால் காசுள்ள அணிகள் என்ன செய்தன? அச்சு அசலாக இன்னொரு ரோபோ கட்டின. ஒன்று பையில் தூங்கும், மற்றொன்றில் ஓட்டுநர் பயிற்சி, நிரல் திருத்தம் எல்லாம் மார்ச் வரை தடையில்லாமல் நடக்கும். இரண்டாவது செட் மோட்டார் வாங்க வழியில்லாத அணிதான் உண்மையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதனால் 2020-லிருந்து நீங்கள் பையை எடுத்தது சரிதான்.

சரி, இப்போது என்ன நிலைமை? போட்டிகள் பல வாரங்களில் நடக்கின்றன; முதல் வாரப் போட்டிக்குப் போகும் அணிக்கு அறிவிப்பு நாளிலிருந்து ஏழெட்டு வாரம் கிடைக்கிறது. ஆறாவது வாரத்தில்தான் முதன்முதலாகக் களமிறங்கும் அணிக்குக் கிட்டத்தட்ட மூன்று மாதம். அதைக்கூட விட்டுவிடலாம், முன்னால் ஆடியவர்களுக்கு அனுபவமும் முன்னாலேயே கிடைக்கிறது. எனக்கு உறுத்துவது வேறு. வேலைக்கு முடிவே இல்லாமல் போய்விட்டது. முன்பெல்லாம் அந்தச் செவ்வாய்க்கிழமையோடு பிள்ளைகள் வீட்டுப்பாடத்துக்குத் திரும்புவார்கள், மென்டர்களும் வீட்டில் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். இப்போது பொருளை ரோபோவுக்குள் இழுக்கும் இன்டேக் ரோலரின் இடைவெளியைக் கால் அங்குலம் மாற்றிப் பார்க்கலாமே என்று ஒருவன் ஆரம்பித்தால் போதும், ஞாயிறு இரவு பத்து மணிக்கும் பட்டறையில் விளக்கு எரிகிறது, திங்கள்கிழமை கணக்குத் தேர்வு இருப்பது யாருக்கும் நினைவில்லை.

"உங்கள் அணி வேண்டுமானால் ஓய்வு எடுத்துக்கொள்ளட்டுமே, யார் தடுத்தது?" என்பீர்கள். ஒரு தடவை சொல்லிப் பாருங்கள் பதினாறு வயதுப் பிள்ளைகளிடம். பக்கத்து ஊர் அணி அன்றைக்கே தங்கள் ரோபோ ஓடும் வீடியோவைப் போட்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டு எவன் வீட்டுக்குப் போவான்? எல்லோருக்கும் சேர்த்து விதி போட்டால்தான் நடக்கும், அதைப் போடக்கூடியவர்கள் நீங்கள் மட்டும்தான்.

நான் கேட்பது சின்ன விஷயம். அறிவிப்பு நாளிலிருந்து அந்த அணியின் கடைசிப் போட்டி வரை வாரத்தில் ஒரு நாள் ரோபோவைத் தொடக்கூடாது. எந்த நாள் என்பதை அணியே முடிவு செய்யட்டும். ஞாயிறு தேவாலயம், வெள்ளி தொழுகை, பகுதிநேர வேலை என்று ஆளுக்கொரு நிலைமை இருக்கிறது. பனிப்பொழிவால் பள்ளி மூடினால் அதையே ஓய்வு நாளாகக் கணக்கில் வைத்துக்கொள்ளலாம், போட்டி வாரத்துக்கு விலக்கும் கொடுக்கலாம்.

யார் கண்காணிப்பது என்ற கேள்வி வரும். பைக்கு மட்டும் யார் காவல் நின்றார்கள்? பட்டறைக்குள் வந்து எந்த அதிகாரியும் பார்க்கவில்லை, ஒரு மென்டரின் கையெழுத்தை நம்பித்தானே இத்தனை வருடம் நடத்தினீர்கள்? அதே மாதிரி ஒரு தாள் போதும். ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள்: மென்டருக்குப் பக்கத்தில் அணியின் மாணவர் ஒருவரும் கையெழுத்துப் போட வேண்டும். பொய்க் கணக்கு எழுத நினைக்கும் பெரியவர், பிள்ளையின் முன்னால் கொஞ்சம் யோசிப்பார்.