மாமனார், மாமியார் டோக்கியோ வருமுன்

அன்பு மகளுக்கு,

மார்ச் கடைசியில் சம்பந்தி இருவரும் டோக்கியோ வருகிறார்கள், மூன்று மாதம் இருப்பார்கள் என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு அதே நினைப்பாக இருக்கிறது. அப்பாவும் நானும் உங்களோடு தங்கிவிட்டு வந்தவர்கள். வயதானவர்கள் அந்த ஊரில் எங்கே தடுமாறுவார்கள் என்று எனக்குத் தெரியும். செர்ரிப் பூக்களை மாப்பிள்ளை காட்டிவிடுவார், அதில் கவலையில்லை. நீங்கள் இருவரும் வேலைக்குப் போன பிறகு இரவுவரை அவர்கள் அந்தச் சின்ன வீட்டில் என்ன செய்வார்கள்? யாராவது வந்து கூட்டிப்போனால்தான் வாசலைத் தாண்டலாம் என்று ஆகிவிட்டால், இங்கே ஓடியாடித் திரிகிற மனிதர்கள் அங்கே சீக்கிரமே சோர்ந்துவிடுவார்கள். முதல் வாரத்திலேயே அவர்களைத் தனியாகப் போய்வரப் பழக்கிவிடு.

ஜப்பானிய எழுத்து தெரியாதே என்று சம்பந்தி தயங்குவார். எழுத்து வேண்டாம், எண் போதும் என்று சொல். மெட்ரோவில் ஒவ்வொரு நிலையத்துக்கும் ஓர் ஆங்கில எழுத்தும் எண்ணும் உண்டு. உங்கள் நிஷி-கசாய், தோஸாய் பாதையில் டி (T) 16. வானநீல வளையத்துக்குள் எழுதியிருக்கும். நகருக்குள் போகிற வண்டியில் ஏறினால் 15, 14 என்று எண் இறங்கிக்கொண்டே வரும். டி 10 நிஹோம்பாஷி. அங்கே இறங்கி ஆரஞ்சு வளையத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தால் கின்ஸா பாதை வந்துவிடும். அந்தப் பாதையில் நிஹோம்பாஷியின் எண் ஜி 11. எண் ஏறுகிற திசையில் போனால் 16 உயெனோ, 19 அசாகுசா. அசாகுசாதான் கடைசி நிலையம், தாண்டிப் போய்விடுவோமோ என்ற பயமே வேண்டாம். ஒருமுறை நீ முன்னால் நடந்து காட்டு. அடுத்த முறை அவர்கள் முன்னால் போகட்டும், நீ பின்னால் வா. தப்பான படியில் இறங்கினால்கூட உடனே வாய் திறக்காதே. அவர்களே வளையத்தைத் தேடித் திரும்பட்டும்.

திரும்பி வரும்போதுதான் கவனம் வேண்டும். தோஸாய் பாதையில் ரேப்பிட் என்ற வேக வண்டியும் ஓடுகிறது. அது தோயோச்சோவை விட்டால் அடுத்து உராயாசுவில்தான் நிற்கும். உங்கள் நிலையத்தைக் கண்ணெதிரே கடந்து போய்விடும். பலகையில் ஆங்கிலத்தில் லோக்கல் என்று இருக்கிற வண்டியில் மட்டும் ஏறச் சொல். மறந்து ஏறிவிட்டாலும் பதற வேண்டியதில்லை. உராயாசு டி 18. அங்கே இறங்கி எதிர்த்திசை வண்டியைப் பிடித்தால் இரண்டாவது நிலையம் வீடு. இதை முன்கூட்டியே சொல்லிவைத்தால் அன்று அவர்கள் கலங்காமல் இருப்பார்கள்.

காலை ஒன்பதரைக்கு முன்பு அவர்களை அந்தப் பாதையில் ஏற்றாதே. டோக்கியோவில் நெரிசலுக்குப் பேர்போன பாதைகளில் அதுவும் ஒன்று. வண்டிக்குள் தொலைபேசியில் பேசக்கூடாது என்பதையும், எஸ்கலேட்டரில் இடப்பக்கம் ஒதுங்கி நிற்கவேண்டும் என்பதையும் ஊரிலேயே சொல்லிவிடு. சம்பந்தி ரயிலில் ஏறியதும் யாரையாவது அழைத்துப் பேசுகிற பழக்கமுள்ளவர். ஆளுக்கொரு பாஸ்மோ அட்டை வாங்கிப் பணம் ஏற்றிக் கொடு. ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் மூலைக்கடைக்கும் அந்த ஒன்றே போதும், சில்லறை எண்ண வேண்டாம். நிலையக் கழிப்பறைகள் இலவசம், சுத்தமாகவும் இருக்கும். சம்பந்தியம்மா வெளியே கிளம்புமுன் முதலில் கேட்பது அதைத்தான்.

இருவருக்கும் சட்டைப்பையில் வைக்க ஒரு காகிதம் எழுதிக் கொடு. ஒரு பக்கம் ஜப்பானிய எழுத்தில் வீட்டு முகவரி, உன் எண், மாப்பிள்ளை எண். மறுபக்கம் தமிழில் டி 16. அங்கே பெரும்பாலான தெருக்களுக்குப் பெயர் கிடையாது, பகுதி எண்ணும் கட்டட எண்ணும்தான். வாயால் முகவரி சொல்லி யாருக்கும் புரியவைக்க முடியாது. வழி தவறினால் கோபான் என்கிற சின்னக் காவல் சாவடியில் அந்தக் காகிதத்தை நீட்டினால் போதும். அதிலேயே 119 ஆம்புலன்ஸ், 110 போலீஸ் என்றும் எழுது. நம் 108 அங்கே வேலை செய்யாது. பாஸ்போர்ட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார் சம்பந்தி. சுற்றுலா விசாவில் வருகிறவர்கள் அதை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம்.

தனியாகப் போய்வர அவர்களுக்குப் பிடித்த இடங்கள் அந்த ஆரஞ்சுப் பாதையிலேயே இருக்கின்றன. உயெனோவில் ஷினோபாஸு குளத்தின் நடுவே பென்ஸாய்தென் கோவில். நம் சரஸ்வதிதான். அசாகுசாவில் சென்ஸோஜி கோவிலுக்கு முன்னால் பெரிய தூபக் கொப்பரையில் புகை எழும்பிக்கொண்டிருக்கும். வலிக்கிற இடத்தில் அந்தப் புகையைக் கையால் வாரித் தடவிக்கொள்கிறார்கள். நான் முழங்காலுக்குத் தடவிக்கொண்டேன். அங்கிருந்து சற்று நடந்தால் மாட்சுசியாமா ஷோதென். அங்கே பிள்ளையாரைக் காங்கிதென் என்ற பெயரில் வைத்திருக்கிறார்கள். மூலவரைக் காட்டமாட்டார்கள். படையல் வெள்ளை முள்ளங்கி! சம்பந்தியம்மா அந்த ஒரு கோவிலுக்கே வாரம் ஒருமுறை போவார், பார். நேதாஜியின் அஸ்தி என்று 1945 முதல் காத்துவருகிற ரெங்கோஜி கோவில் சுகினாமியில் இருக்கிறது. அது தூரம், ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை கூட்டிப்போகட்டும்.

சாப்பாட்டில் ஏமாந்துவிடக்கூடாது. காய்கறி மட்டும் போட்ட நூடுல்ஸ் என்றாலும், அந்தச் சாற்றின் அடிப்படையே பெரும்பாலும் உலர்ந்த மீன்தான். மீன் உண்டா என்று கேட்டால் கடைக்காரர் கிண்ணத்தைப் பார்த்து இல்லை என்றே சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை, சாற்றை அவர் கணக்கில் எடுப்பதில்லை. சுத்த சைவமான இந்த இருவருக்கும் புளியோதரை கட்டிக்கொடு. உயெனோ பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடலாம், ரயிலில் வேண்டாம். வெளியே குப்பைத்தொட்டி கண்ணில் படுவதே அரிது, காலி டப்பாவோடு குப்பைக்கும் ஒரு பை போகட்டும்.

பெட்டி கட்டுகிற விஷயத்தை நான் இங்கே பார்த்துக்கொள்கிறேன். மிக்ஸி வேண்டாம் என்று சம்பந்தியம்மாவிடம் சொல்லிவிடுவேன். நம் 230 வோல்ட் மிக்ஸி அங்குள்ள 100 வோல்ட்டில் தேங்காயைக்கூட அரைக்காது. பச்சைக் கறிவேப்பிலையும் பழங்களும் தாவரச் சான்றிதழ் இல்லாமல் விமான நிலையத்தைத் தாண்டாது. மூக்கடைப்பு மாத்திரைகளில் சூடோஎபெட்ரின் பத்து சதவீதத்துக்கு மேல் இருந்தால் உள்ளே கொண்டுபோகவே கூடாது, அவற்றை நானே எடுத்துப் பார்த்துவிடுகிறேன்.

நிலநடுக்கத்தைப் பற்றிப் பயமுறுத்தாமல் சொல். தொலைபேசி திடீரென்று அலறினால் மேசைக்கடியில் போய்த் தலையை மறைத்துக்கொள்ள வேண்டும். வெளியே ஓடக்கூடாது, லிஃப்டில் ஏறக்கூடாது. வந்த அன்றே ஒருமுறை செய்துபார்க்கச் சொல். வெந்நீர் ஊற்றுக்குக் கூட்டிப்போவதானால், ஆண் பெண் தனித்தனி என்றாலும் உடையில்லாமல்தான் இறங்கவேண்டும் என்பதை சம்பந்தியம்மாவிடம் நீ மட்டும் தனியாகச் சொல். வேண்டாம் என்றால் விட்டுவிடு, வற்புறுத்தாதே.

எல்லாவற்றிலும் அவசரம் மருந்து. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட மாத்திரை கொண்டுவர ஜப்பான் சுகாதாரத் துறையிடம் முன்கூட்டியே இறக்குமதிச் சான்று வாங்கவேண்டும். இவர்கள் மூன்று மாதத்துக்கு சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை எடுத்துவரப்போகிறார்கள். நாளை நான் அவர்கள் வீட்டுக்குப் போய் மருத்துவர் சீட்டை வாங்கிப் படமெடுத்து அனுப்புகிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து விண்ணப்பத்தை அனுப்பிவிடு. ஏற்கெனவே இருக்கிற நோய்களையும் ஏற்கும் பயணக் காப்பீடு எது என்று மாப்பிள்ளையை விசாரிக்கச் சொல். அதை இங்கிருந்து கிளம்புமுன் எடுத்தாக வேண்டும்.

அன்புடன்,
அம்மா