பழைய குறுந்தட்டை முதலில் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

என் மகனுக்கு 11 வயது. ஓயாத மூக்கடைப்பு, கன்னத்தில் வலி, ராத்திரியில் வாயால்தான் மூச்சு. பினாங்கில் புகைமூட்டம் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். மாதக்கணக்கில் மருந்தும் மூக்கு ஸ்ப்ரேயும் கொடுத்துப் பார்த்த பிறகுதான் சைனஸ் சிடி ஸ்கேன் எடுத்தோம். அதில் எனக்குக் குறையில்லை. மூன்று மாதம் கழித்து வேறு மருத்துவமனைக்கு மாறினோம். பழைய ஸ்கேன் இருந்த குறுந்தட்டைக் கவுண்டரில் நீட்டினேன். "இது எங்கள் கணினியில் திறக்காது, புதிதாக எடுத்துவிடலாம்" என்றார்கள். நானும் சரி என்று கையெழுத்துப் போட்டேன். அந்தக் கையெழுத்து இன்னும் உறுத்துகிறது.

வீட்டில் இரண்டு குறுந்தட்டுகளையும் போட்டுப் பார்த்தேன். இரண்டுமே திறந்தன! மருத்துவமனைகள் பொதுவாகப் பயன்படுத்தும் 'டைகாம்' வடிவம்தான். படங்களுக்கு நடுவே 'டிஎல்பி' என்று ஓர் எண் இருந்தது. அந்த ஸ்கேனுக்குக் கருவி மொத்தம் எவ்வளவு கதிர்வீச்சு கொடுத்தது என்பதன் கணக்கு அது. முதல் ஸ்கேனில் 92, இரண்டாவதில் 271. அதே பிள்ளை, அதே மூக்கு.

ஸ்கேன் எடுக்கும் ரேடியோகிராபராக வேலை செய்யும் உறவுக்காரப் பெண்ணிடம் கேட்டேன். சைனஸ் என்பது எலும்புக்குள் இருக்கும் காற்றறை. எலும்பும் காற்றும் படத்தில் பளிச்சென்று பிரிந்து தெரியும். அதனால் கதிர்வீச்சைக் குறைத்து, படம் கொஞ்சம் புள்ளி புள்ளியாக வந்தாலும், பெரும்பாலும் அதுவே போதும் என்றாள். இதை ஏன் யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை?

யாரையும் பயமுறுத்த இதை எழுதவில்லை. உடலுக்குச் சேரும் கதிர்வீச்சை 'மில்லிசீவர்ட்' என்ற அலகில் சொல்வார்கள்; டிஎல்பி எண் வேறு கணக்கு. சைனஸ் சிடி ஒன்று பெரும்பாலும் 1 மில்லிசீவர்ட்டுக்குள் அடங்கிவிடும். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் மனிதனுக்கு இயற்கையாகவே ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் சேர்கிறது. எங்கள் வரிசை வீட்டு அக்கா ஒருவர், வாட்ஸ்அப்பில் வந்த குரல்பதிவைக் கேட்டுவிட்டு, அறுவைக்கு முன் எடுக்க வேண்டிய ஸ்கேனையே மறுத்துவிட்டார். அதுவும் தவறு. கண்குழிக்கும் சைனஸுக்கும் நடுவே இருப்பது காகிதம்போல் மெல்லிய எலும்பு. அதைப் பார்க்காமல் மருத்துவர் எப்படிக் கருவியை உள்ளே விடுவார்? ஆனால் சாதாரணச் சளிக்கும் பத்து நாள் மூக்கடைப்புக்கும் ஸ்கேன் தேவையில்லை. அதிலும் பிள்ளைகளின் உடல் கதிர்வீச்சால் பெரியவர்களைவிட எளிதில் பாதிக்கப்படும்; கண்ணும் பக்கத்திலேயே இருக்கிறது.

சுகாதார அமைச்சுக்கு என் வேண்டுகோள் இரண்டுதான். நோயாளி பழைய ஸ்கேனைக் கொண்டுவந்தால், அதைத் திறந்து மருத்துவரிடம் காட்டிய பிறகே புதியதற்குக் கையெழுத்து வாங்க வேண்டும். கதிர்வீச்சு அளவை அறிக்கையிலேயே அச்சிட்டுத் தர வேண்டும்.

அடுத்த மாதம் மகனுக்கு மறுபரிசோதனை. இரண்டு குறுந்தட்டுகளையும் அவனுடைய மருத்துவப் புத்தகத்துக்குள் வைத்து, அட்டையில் அந்த இரண்டு எண்களையும் எழுதி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
பட்டர்வொர்த், பினாங்கு