எங்கள் பணிக்காலத்தைக் கணக்கில் எடுங்கள்: பள்ளித் துப்புரவுத் தொழிலாளர்களின் கோரிக்கை மனு

பெறுநர்:
மாநிலக் கல்வி இலாகா இயக்குநர் அவர்கள்,
பினாங்கு.

அனுப்புநர்:
பள்ளித் துப்புரவுக் குத்தகைத் தொழிலாளர்கள்,
செபராங் பிறை.

பொருள்: குத்தகை மாறும்போது பணிக்காலம் அறுபடுவதை நிறுத்தக் கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

இந்த மனுவின் மலாய்ப் பிரதியையும் இணைத்திருக்கிறோம். தமிழில் எழுதியதற்குக் காரணம் உண்டு. இதில் கையெழுத்துப் போட்டிருக்கும் அக்காமார்களில் பலர், என்ன ஏது என்று தெரியாமலே இதுவரை நிறையத் தாள்களில் கையெழுத்துப் போட்டவர்கள். இந்தத் தாளாவது அப்படி இருக்கக் கூடாது என்று நினைத்தோம்.

பட்டர்வொர்த், பிறை, புக்கிட் மெர்த்தாஜாம் பக்கத்து அரசாங்கப் பள்ளிகளில் குத்தகைக் கம்பெனிகளின் கீழ் நாங்கள் துப்புரவு வேலை செய்கிறோம். இதை எழுதும் நான் ஒரே பள்ளியில் 14 வருடங்களாக இருக்கிறேன். மாடிக் கழிவறையில் எந்தக் குழாய் ஒழுகும், மழை பெய்தால் எந்த வகுப்பில் தண்ணீர் இறங்கும் என்று என்னைத்தான் கேட்பார்கள். தலைமையாசிரியர்கள் வந்து போய்விட்டார்கள், நான் அங்கேயே இருக்கிறேன். ஆனால் தாளில் பார்த்தால் நான் போன வருடம் வேலைக்குச் சேர்ந்தவள்.

குத்தகை முடிந்ததும் பழைய கம்பெனி எங்கள் கணக்கை முடித்துவிடும். மறுநாள் காலை புதுக் கம்பெனிக்காரர் புதுச் சட்டையும் புது ஒப்பந்தமுமாக வருவார். நேற்றுக் கூட்டிய அதே வகுப்பை இன்றும் கூட்டுவோம். என்னிடம் நான்கு கம்பெனிகளின் சட்டைகள் இருக்கின்றன. பழையதைக் கிழித்து ஜன்னல் துடைக்கிறேன், அது வேறு விஷயம். ஒவ்வொரு சட்டைக்கும் என் பணிக்காலம் சைபரிலிருந்து தொடங்கியது என்பதுதான் இங்கே சொல்ல வந்தது.

1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, இரண்டு வருடத்துக்கும் குறைவாக வேலை செய்தவருக்கு வருடத்துக்கு 8 நாள் சம்பள விடுப்பு. இரண்டிலிருந்து ஐந்து வருடத்துக்குள் என்றால் 12 நாள். ஐந்து வருடம் ஆகிவிட்டால் 16 நாள். மருத்துவ விடுப்பும் அப்படியே 14, 18, 22 என்று ஏறும். சட்டத்தைக் குறை சொல்லவில்லை, நல்ல சட்டம்தான். ஆனால் எங்களுக்கு அது பரமபதம் ஆடுவது மாதிரி. 16-ஐத் தொடுவதற்குள் பாம்பு கடித்து மறுபடி 8-க்கு இறங்கிவிடுகிறோம். எங்கள் குழுவில் 16 நாள் விடுப்பை எடுத்தவர் ஒருவர்கூட இல்லை. முட்டி தேய்ந்து, மாடி ஏற முடியாமல் போகும் வயதில்தான் அந்த 22 நாள் மருத்துவ விடுப்பு தேவைப்படுகிறது. அந்த வயதில்தான் எங்களைப் 'புது ஆள்' என்கிறார்கள்.

சம்பளக் கதையும் இதுதான். எனக்குக் கிடைத்த உயர்வெல்லாம் அரசாங்கம் குறைந்தபட்சச் சம்பளத்தை ஏற்றியதால் வந்தது: 2013-இல் 900 வெள்ளி (ரிங்கிட்), 2022-இல் 1,500, 2025 பிப்ரவரியில் 1,700. அதற்கு நன்றி. அனுபவத்துக்கு என்று எந்தக் கம்பெனியும் ஒரு வெள்ளி கூட்டியதில்லை.

நாங்கள் ஒன்று சேர்ந்தது திட்டம் போட்டு அல்ல. பக்கத்துப் பள்ளியில் வேலை செய்யும் ஒரு தங்கச்சி, வீடு வாங்க இபிஎஃப் (தொழிலாளர் சேமநிதி) பணம் எவ்வளவு இருக்கிறது என்று மகளின் கைப்பேசியில் பார்த்திருக்கிறார். இரண்டு மாதத்துப் பணம் காணவில்லை. சம்பளச் சீட்டிலோ 11 விழுக்காடு பிடித்ததாக இருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயில் அன்னதானக் கூடத்தில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்தோம். அவர் மகள் ஒவ்வொருவருக்கும் கைப்பேசியில் திறந்து காட்டியது. ஒரு அக்கா சம்பளச் சீட்டுகளை மைலோ டின்னில் போட்டு வைத்திருந்தார், பாதி கரப்பான் அரித்துப் போயிருந்தது. மீதியைத் தரையில் பரப்பி மாதவாரியாக அடுக்கினோம். பிடித்த பணம், கட்டிய பணம் என்று நோட்டுப் புத்தகத்தில் இரண்டு பத்தியாக எழுதினோம். ஓட்டை எங்கே என்று அப்போதுதான் தெரிந்தது: குத்தகை முடியும் கடைசி மாதங்களில். பழைய கம்பெனியைக் கேட்டால் புதியவரைக் கேள் என்றார்கள், புதியவர் பழையவரைக் கேள் என்றார். அப்புறம் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு மற்றப் பள்ளிகளுக்குப் போனோம்.

தொழிற்சங்கத்தில் சேரலாமே என்று தாங்கள் கேட்கலாம். என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், சங்க அட்டையைத் தலையணைக்கு அடியில் வைத்திருப்பார். எங்களுக்கும் ஆசைதான். ஆனால் சங்கத்தை அங்கீகரிக்க வேண்டியவர் முதலாளி. அதற்கான கடிதம் போய், பதில் வந்து, பேச உட்காருவதற்குள் முதலாளியே மாறிவிடுகிறார்.

ஆகவே தங்களிடம் கேட்பது இவைதான். அடுத்த குத்தகை ஒப்பந்தத்தில் ஒரு விதி சேர்க்க வேண்டும்: குத்தகை எடுப்பவர் யாராக இருந்தாலும், ஏற்கெனவே இருக்கும் தொழிலாளர்களை வேலைக்கு எடுத்து, அதே பள்ளியில் அவர்கள் செய்த வருடங்களை விடுப்புக்கும் மருத்துவ விடுப்புக்கும் கணக்கில் சேர்க்க வேண்டும். கம்பெனிக்கு மாதப் பணம் கொடுக்கும் முன், இபிஎஃப், சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்புக் காப்புறுதி) கட்டிய ரசீதைத் தொழிலாளர் பெயர்ப் பட்டியலோடு பள்ளி அலுவலகம் சரிபார்க்க வேண்டும். மாதச் சந்தாவை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் இபிஎஃப்பில் கட்டியாக வேண்டும் என்று சட்டமே சொல்லும்போது, இது பெரிய வேலை இல்லை. எங்களிடம் வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கும் அன்றே எங்களுக்கு ஒரு பிரதி தர வேண்டும்.

எங்கள் முழு விருப்பம், குத்தகை முறையே போய் அரசாங்கம் நேரடியாக வேலைக்கு எடுக்க வேண்டும் என்பது. அது அமைச்சின் கையில் இருக்கிறது என்றால், தங்கள் பரிந்துரையோடு இந்த மனுவை அமைச்சுக்கு அனுப்பி, அனுப்பிய கடிதத்தின் பிரதி ஒன்றை எங்களுக்குத் தாருங்கள்.

தங்களை நேரில் பார்க்க அரை மணி நேரம் ஒதுக்குமாறும் கேட்டுக்கொள்கிறோம். மாலை நான்கு மணிக்கு மேல் என்றால் நல்லது, வேலை முடிந்து வந்துவிடுவோம். அந்த நோட்டுப் புத்தகத்தையும் கொண்டு வருகிறோம்.

இந்த மனுவைக் கூட்டத்தில் இரண்டு தடவை சத்தமாக வாசித்துக் காட்டி, சொன்ன திருத்தங்களைச் செய்த பிறகே கையெழுத்து வாங்கினோம். கையெழுத்துகள் பின்பக்கத்தில்.

இப்படிக்கு,
தொழிலாளர்கள் சார்பில்,
ஒரு பள்ளித் துப்புரவுப் பணியாளர்
செபராங் பிறை, பினாங்கு