கணவருக்கும் அந்தச் சோதனை வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கு எச்.ஐ.வி.யோடு, உடலுறவால் பரவும் பால்வினை நோயான சிபிலிஸுக்கும் இலவசமாகச் சோதனை செய்கிறார்கள். நல்ல ஏற்பாடு. சிபிலிஸை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் பென்சிலின் ஊசியில் குணமாகிவிடும்; கவனிக்காமல் விட்டால் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோகலாம். ஆனால் மனைவிக்கு மட்டும் ஊசி போட்டுவிட்டுக் கணவரை விட்டுவிட்டால், அவரிடமிருந்து மறுபடியும் தொற்றிக்கொள்ளும். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரை அன்றைக்கே உள்ளே அழைத்து ரத்தம் எடுத்தால் என்ன?

அப்புறம், முடிவுச் சீட்டு. நான் போன ஒரு மருத்துவமனையில் ஆய்வக ஜன்னலில் பெயரையும் சோதனையையும் சேர்த்தே சத்தமாகக் கூப்பிடுகிறார்கள். வரிசையே திரும்பிப் பார்க்கிறது. எச்.ஐ.வி. விவரம் ரகசியமாக இருக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. மற்ற பால்வினை நோய்களுக்கும் அதே பாதுகாப்பு வேண்டும். டோக்கன் எண்ணைச் சொன்னால் போதுமே.

– ஒரு வாசகி